இரண்டு பாத்திரங்கள்: பெருநாள் காலைப் பழ மஃபினும் கொஞ்சம் இரசாயனமும்

எங்கள் ஊரில் பெருநாள் தொழுகைக்குப் பெண்களும் கடற்கரைத் திடலுக்குப் போவோம். காலை ஆறரைக்குத் தொழுகை. ஆறு மணி கடந்ததும் நானும் ராத்தாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். உம்மா மட்டும் அடுப்படியில் நிற்பார். "நீங்க போங்க மகள், நான் பின்னால வாறன்" என்பார். தொழுகை முடிந்ததும் மாமாமார், சாச்சாமார், அவர்களின் பிள்ளைகள் என்று இருபது பேர் காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அத்தனை பேருக்கும் இடியப்பம் அவித்து முடிய வேண்டுமே.

போன நோன்புப் பெருநாளில் நாங்கள் ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது உம்மா கடைசி வரிசைக்கும் பின்னால் தனியே நின்றுகொண்டிருந்தார். அபாயாவின் கைப்பகுதியில் மா ஒட்டியிருந்தது. அவருக்கு குத்பா மட்டும்தான் கிடைத்தது. மாமி பகிடி பண்ணினார், எல்லோரும் சிரித்தார்கள், உம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்த காலத்திலிருந்து உம்மா முழுத் தொழுகையில் நின்ற பெருநாள் ஒன்றையும் என்னால் எண்ணிச் சொல்ல முடியவில்லை.

ஆகவே இந்த வருடம் காலைச் சாப்பாட்டை நான் பொறுப்பேற்பது என்று தீர்மானித்தேன். இடியப்பத்துக்கு மாற்றாக வேறொன்று வேண்டும். வேலையில் பெரும்பகுதி முதல்நாள் இரவே முடிந்துவிட வேண்டும். காலையில் சூடாக இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொருந்தி வந்தது பழ மஃபின். வீட்டில் ஒரு சிறிய மேசை அவண் இருக்கிறது. அதில் பன்னிரண்டு குழித் தட்டு ஒன்றுதான் பிடிக்கும்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன் என்பதால் இதையெல்லாம் சுலபமாகச் செய்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. நோன்பு மாதத்தில் செய்து பார்த்த முதலிரண்டு தடவையும் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டன. சஞ்சிகைக்கு எழுதச் சொல்லி ஆசிரியை கேட்டபோது, வெற்றி பெற்ற குறிப்பை மட்டும் எழுதாமல், பிழைத்தவற்றையும் ஏன் பிழைத்தன என்பதையும் சேர்த்தே எழுத நினைத்தேன். பாடம் அங்கேதான் இருக்கிறது.

முதல் தடவை நோன்பு பத்து அளவில். அஸருக்குப் பிறகு தொடங்கினேன். நோன்போடு இருப்பதால் கலவையை நாவில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. மணமும் கண்ணும்தான் துணை. உம்மா பக்கத்தில் நின்று "நல்லா அடி மகள், கட்டி இரிக்கி பாரு" என்றார். நானும் மின் அடிப்பானை எடுத்து, கலவை பட்டுப்போல வழவழப்பாகும்வரை ஐந்து நிமிடம் அடித்தேன். இஃப்தாருக்கு மேசையில் வைத்தபோது ஒவ்வொன்றின் தலையும் கூம்பிப் போயிருந்தது. வெட்டினால் உள்ளே மேல்நோக்கி நீண்ட ஓட்டைகள், எறும்புப் புற்றுப் போல. வாப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்துவிட்டு "இதென்ன மகள், கல்லுப் பணிசா?" என்றார்.

காரணம் கோதுமை மாவிலுள்ள புரதம். கோதுமையில் குளுட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டு, பிசையவும் அடிக்கவும் படும்போது அவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகின்றன. பாணுக்கு இந்த வலை வேண்டும். அதற்காகத்தான் பேக்கரிகளில் மாவை அப்படிப் பிசைகிறார்கள். மஃபினுக்கு அது எதிரி. வலை இறுகிவிட்டால் வாயு சீராகப் பரவ இடமில்லாமல் கிடைத்த வழியால் மேலே துளைத்துக்கொண்டு போகும். நான் வெட்டிப் பார்த்த ஓட்டைகள் அப்படி உண்டானவைதான்.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி கோதுமை மாவைத் தண்ணீர் விட்டு நன்றாகப் பிசைந்து உருண்டையாக்கி, அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் மெதுவாகக் கசக்கிக் கழுவுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், அது மாப்பொருள். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவ, கடைசியில் கையில் மிஞ்சுவது றப்பர் போல இழுபடும் ஒரு சிறு துண்டு. அதுதான் குளூட்டன். பிறகு அரிசி மாவில் இதையே செய்யுங்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது.

அந்தச் சோதனையைச் செய்த பிறகுதான் உம்மா சொன்னதும் பிழையில்லை என்று விளங்கியது. அவருடைய கை அரிசி மாவில் பழகிய கை. அரிசியில் குளூட்டன் இல்லை. எவ்வளவு அடித்தாலும் இறுகாது. வட்டிலப்பத்துக்கு முட்டையை நன்றாக அடிப்பதும் சரிதான். அந்தப் பழக்கத்தைத்தான் உம்மா எனக்குச் சொன்னார். கோதுமை மா வேறு சாதி என்பதை நாங்கள் இருவருமே அன்று யோசிக்கவில்லை.

இரண்டாவது தடவை அன்னாசியோடு செய்தேன். அடிப்பது குறைந்தது, ஆனால் வேறு இரண்டு பிழைகள் நடந்தன. அன்னாசித் துண்டுகளைப் பிழியாமல் அப்படியே போட்டதால் அவற்றின் சாறு இறங்கி அடிப்பகுதி களியாகிப் போனது. அன்னாசி போட விரும்புகிறவர்கள் அதைச் சிறிதாக வெட்டி, சட்டியில் சாறு வற்றும்வரை வதக்கி ஆறவிட்டுப் போட வேண்டும். மற்றப் பிழை அப்பச் சோடா. நன்றாகப் பொங்கட்டும் என்று ஒரு தேக்கரண்டி நிறையப் போட்டேன். மஃபின் கடும் மண்ணிறமாகி, சவர்க்கார வாசனையோடு வந்தது. தம்பி ஒரு கடி கடித்துவிட்டு எழும்பிப் போய் வாய் கொப்பளித்தான்.

இங்கே கொஞ்சம் இரசாயனம் பார்ப்போம். அப்பச் சோடா என்பது சோடியம் ஐதரசன் காபனேற்று. அது ஓர் அமிலத்தோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வாயுவைத் தரும். அந்த வாயுதான் மஃபினை உப்பவைக்கிறது. போதிய அமிலம் இல்லாவிட்டால் மிஞ்சிய சோடா அவணின் வெப்பத்தில் பிரிந்து சோடியம் காபனேற்றாக மாறும். அது வலுவான காரம். சவர்க்கார ருசி அதிலிருந்து வந்தது. காரத்தன்மை கூடினால் நிறமும் கூடிவிடும். வாழைப்பழத்திலும் யோகட்டிலும் கொஞ்சம் அமிலம் உண்டு. அந்தக் கொஞ்சத்துக்கு ஏற்ற சோடா கால் தேக்கரண்டிதான். மிச்ச வேலையை பேக்கிங் பவுடரிடம் விட வேண்டும்.

பேக்கிங் பவுடரில் சோடாவும், உலர்ந்த நிலையில் ஓர் அமில உப்பும், அவை ஈரம் உறிஞ்சி முன்கூட்டியே சண்டை பிடிக்காமலிருக்கச் சோளமாவும் கலந்திருக்கும். இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இருமுறை தொழிற்படுபவை: ஈரம் பட்டதும் ஒரு பங்கு வாயு, அவணில் சூடேறியதும் இன்னொரு பங்கு. பழைய டப்பா வேலை செய்யுமா என்று அறிய ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போடுங்கள். பொங்கினால் நல்லது, சும்மா கிடந்தால் வேறு வாங்குங்கள்.

இதைத் தேடி வாசித்தபோது ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. 1843ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் அல்பிரட் பேர்ட் என்ற இரசாயனவியலாளர் ஒரு பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். அவருடைய மனைவிக்கு மதுவம் சேர்த்த பாண் ஒத்துக்கொள்ளாது. அவர் சாப்பிடக்கூடிய பாண் ஒன்றைச் செய்வதற்காகவே அந்த முயற்சி. அதற்கு ஆறு வருடம் முன்பு, மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக முட்டையில்லாத கஸ்டர்ட் தூளையும் அவர் செய்திருந்தார். எங்கள் அலுமாரியில் இருக்கும் டப்பாவின் முன்கதையில் இப்படி ஒரு வீட்டுச் சமையலறையும் இருக்கிறது. எனக்கும் இந்த வேலை ஓர் ஆளுக்காகத்தான் என்பதால் அது மனதில் நின்றுவிட்டது.

இனி இரண்டு பாத்திர விஷயம்.

மஃபின் கலவையை இரவே முழுதாகக் கலந்து குளிரூட்டியில் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் முதலில் யோசித்தேன். ஆனால் ஈரம் பட்ட நிமிடமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். அந்த வாயுவில் பெரும்பங்கு விடியுமுன் போய்விடும். ஆகவே உலர்ந்தவை ஒரு பாத்திரத்தில், ஈரமானவை இன்னொன்றில். இரண்டும் காலைவரை சந்திக்கக் கூடாது. சந்தித்த பிறகு தாமதிக்கவும் கூடாது.

பன்னிரண்டு மஃபினுக்கு நான் எடுத்த அளவு இது. உலர்ந்த பாத்திரத்தில் கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, அப்பச் சோடா கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சீனி 100 கிராம், சிறிது கறுவாத் தூள். எல்லாவற்றையும் அரித்துக் கலந்து மூடிவிடலாம். ஈரப் பாத்திரத்தில் மசித்த வாழைப்பழம் 300 கிராம், முட்டை 2, தேங்காய் எண்ணெய் அல்லாத மணமில்லாத எண்ணெய் 100 மில்லிலீற்றர், சிறு கப் யோகட் ஒன்று, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி. இவற்றோடு கொட்டை நீக்கிப் பொடியாக வெட்டிய ஈத்தம்பழம் 100 கிராம். நோன்பு முடியும்போது எல்லா வீட்டிலும் ஈத்தம்பழம் மிஞ்சிக் கிடக்குமல்லவா? எங்கள் வீட்டில் மூன்று பெட்டி கிடந்தது.

வாழைப்பழம் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்ததாக இருக்க வேண்டும். பழுக்கும்போது நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றுகின்றன. மஞ்சளாக, விறைப்பாக இருக்கும் பழத்தில் அந்த வேலை முடிந்திருக்காது. தேசிக்காய்ச் சாறு எதற்கென்றால், மசித்த பழத்தைக் கறுக்கச் செய்வதும் ஒரு நொதியம்தான். அமிலம் அதன் வேகத்தைக் குறைத்துவிடும். இரவு முழுவதும் வைத்தாலும் கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் இருக்கும்.

மூத்தம்மாவுக்குச் சீனி வருத்தம். "ஈத்தம்பழம் சுன்னத்தான சாமான், அதால ஒண்டும் வராது புள்ள" என்று அவர் சொல்வார். அவரோடு வாதாட எனக்கு மனமில்லை; ஆனால் உண்மையை மறைக்கவும் முடியாது. ஈத்தம்பழத்தின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனிதான். நார்ச்சத்து இருப்பது நல்லதே, எனினும் சீனி சீனிதான். வழமையாக 150 கிராம் போடும் சீனியை 100 ஆக நான் குறைத்ததும் அவருக்காகவே. அப்படியும் அவருக்குப் பாதி மஃபின்தான் என்று முன்கூட்டியே பேசி வைத்தேன். "பாதியா?" என்று கேட்டுவிட்டு, பிறகு பெரிய பாதி எது என்று கேட்டார்.

நோன்பு இருபத்தொன்பதன்று ஒரு வேடிக்கை நடந்தது. நாளைக்குப் பெருநாளா, இல்லையா என்பது மஃரிபுக்குப் பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவித்தல் வந்தால்தானே தெரியும். நான் அவசரக்காரி. அஸருக்கே பழத்தை மசித்து, முட்டையை உடைத்து, இரண்டு ஈரப் பாத்திரங்களும் தயார். வானொலியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பிறை தென்படவில்லை, முப்பதைப் பூர்த்தி செய்யுங்கள் என்று அறிவித்தார்கள். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். ராத்தா, "இப்ப என்ன செய்யப் போறாய்?" என்றாள்.

ஸஹருக்குச் சுட்டேன். உண்மையில் அதுதான் எனக்கு வேண்டியிருந்த ஒத்திகை. முழு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்து எழுதிக்கொண்டேன். அவண் சூடேறப் பதினைந்து நிமிடம். கலக்க ஒரு நிமிடமும் இல்லை: உலர்ந்ததன் நடுவில் குழி செய்து, ஈரத்தை ஒரேயடியாக ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே பதினைந்து தடவை புரட்டினால் போதும். அங்கங்கே மாக் கட்டிகள் தெரியும். தெரியட்டும். அவை அவணுக்குள் தானாகக் கரைந்துவிடும். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த இடத்தில் கையை நிறுத்துவதுதான். பக்கத்தில் நின்ற உம்மாவுக்கு அதைவிடக் கடினம்.

கடதாசிக் கிண்ணங்களில் முக்கால் பங்கு நிரப்பி, முதல் ஐந்து நிமிடம் 200 பாகை செல்சியஸில், பிறகு 180 பாகையில் பதினேழு நிமிடம். தொடக்கத்தின் கடும் சூட்டில் வாயு விரைவாக விரிந்து தலை எழும்பும். அதற்குள் முட்டையின் புரதமும் மாப்பொருளும் இறுகி அந்த வடிவத்தைத் தாங்கிக்கொள்ளும். இறுகுமுன் கதவைத் திறந்தால் நடு இருந்துவிடும். ஸஹரில் தம்பி அப்படித்தான் ஒருதரம் திறந்தான். முன்வரிசை நாலும் பள்ளமாகிப் போயின. வெந்ததா என்று பார்க்க ஈர்க்குக் குச்சி ஒன்றைக் குத்தி எடுங்கள். ஈர மா ஒட்டாமல் வந்தால் சரி.

ஈத்தம்பழத் துண்டுகள் அடியில் இறங்காமல் நின்றதையும் கவனித்தேன். மாவில் புரட்டிப் போட்டால் இறங்காது என்று சொல்வார்கள். புரட்டாமலே நின்றன. கலவை தடிப்பாக இருப்பதும் துண்டு சிறிதாக இருப்பதும்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

மறுநாள் இரவு பெருநாள் இரவு. வாப்பா கடைத்தெருவுக்குப் போய்ப் புள்ளி விழுந்த கதலிச் சீப்பு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். கடைக்காரர் பழுதான பழத்தை எதற்கு விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டாராம். உம்மா வட்டிலப்பத்தையும் இறைச்சிக் கறியையும் இரவே முடித்தார். நான் உலர்ந்தது இரண்டு, ஈரம் இரண்டு என்று நான்கு பாத்திரங்களை மூடி வைத்துவிட்டு, உம்மாவின் அபாயாவை எடுத்து இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டேன்.

காலையில் சுபஹ் தொழுது எழும்பியதும், ஐந்து மணி ஐந்துக்கு அவணைப் போட்டேன். ஐந்து இருபதுக்கு முதல் தட்டு உள்ளே. ஐந்து நாற்பத்திரண்டுக்கு வெளியே. நாற்பத்தைந்துக்கு இரண்டாவது தட்டு. இரண்டாவது ஈரப் பாத்திரத்தை அப்போதுதான் உலர்ந்ததில் ஊற்றினேன். முன்பே கலந்து வைத்திருந்தால் அது இருபத்தைந்து நிமிடம் வாயுவை இழந்திருக்கும். நடுவில் உம்மா மூன்று தடவை அடுப்படிக்கு வந்தார். முதல் தடவை இடியப்ப உரலைத் தேடினார். அதை நான் ராத்தாவின் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். இரண்டாவது தடவை, "கொஞ்சம் ரொட்டியாவது சுடட்டா?" என்றார். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் அவணின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். தலைகள் எழும்பி வெடித்து, ஓரம் பொன்னிறமாகிக் கொண்டிருந்தது. "போய் உடுங்க உம்மா" என்றேன். போனார்.

ஆறு மணி ஏழுக்கு இரண்டாவது தட்டு வெளியே வந்தது. இருபத்துநான்கையும் ஓலைப் பெட்டியில் அடுக்கி, இரண்டு மடிப்புத் துணியால் மூடினேன். நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் போகுமுன் ஈத்தம்பழத்தை ஒற்றைப்படையாகச் சாப்பிடுவது சுன்னத். எல்லோரும் ஆளுக்கு மூன்று வாயில் போட்டுக்கொண்டு ஒன்றாக வெளியே இறங்கினோம்.

திடலில் உம்மா எங்களுக்கு நடுவில், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். கடல் காற்றில் தக்பீர் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, "அவண் நிப்பாட்டினயா மகள்?" என்று கேட்டார். நிப்பாட்டினேன் என்றேன். "ப்ளக்கக் கழட்டினயா?" கழற்றினேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொழுகைக்கு எழும்பி நின்றபோது அவருடைய தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மஃபின்களில் இளஞ்சூடு மிச்சமிருந்தது. சாச்சா ஒருவர் இடியப்பம் எங்கே என்று கேட்டார். கேட்டவர்தான் மூன்று மஃபின் சாப்பிட்டார். மூத்தம்மா தன் பாதியை வாங்கிக்கொண்டு, தம்பியின் மற்றப் பாதியில் ஈத்தம்பழத் துண்டை மட்டும் கிள்ளி எடுத்தார். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுதுவிட்டு வந்து சாப்பிடுவதுதான் சுன்னத் என்பதால் நேரக் கணக்கு வேறு. அன்றைக்கு அன்னாசியைச் சாறு வற்ற வதக்கி மறுபடி ஒருதரம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உலர்ந்த பாத்திரத்தைத் தான் அளந்து வைப்பதாக உம்மா சொல்லியிருக்கிறார். புரட்டுவது மட்டும் நான்.